தாக்குவாரா: பியூனஸ் அயர்ஸின் அந்தப் பள்ளிப் பையன்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்?

ஓலைப்பெட்டி

அர்ஜெண்டினாவின் எழுபதுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கெரில்லாக்களில் ஆரம்பித்து ராணுவ ஆட்சியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கெரில்லாக்களில் சிலர் அதற்குப் பத்து வருடம் முன்பு எங்கே நின்றார்கள் என்று தேடிப் போனால் ஒரு விசித்திரமான இடத்துக்கு வந்து சேர்வோம். வலது கையை உயர்த்தி வணக்கம் வைத்துக்கொண்டு, யூதர்களைத் தெருவில் விரட்டி அடித்த ஒரு வலதுசாரி இளைஞர் கும்பல் அது. பெயர் தாக்குவாரா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டுக் குதிரைவீரர்கள் மூங்கில் கம்பின் நுனியில் கத்தியைக் கட்டி ஈட்டியாக வைத்திருந்தார்கள், அதிலிருந்து எடுத்த பெயர்.

1957இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் பலர் அப்போதுதான் பள்ளி முடித்தவர்கள், சிலர் இன்னும் முடிக்காதவர்கள். தலைவர் ஆல்பெர்தோ எஸ்குர்ரா உரிபுருவுக்கு இருபது வயதுதான். அந்த இரண்டு குடும்பப் பெயர்களுமே அங்கே சாதாரணப் பெயர்கள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரி ரோசாஸின் மனைவி பிறந்தது எஸ்குர்ரா குடும்பம். 1930இல் ஆட்சியைக் கவிழ்த்த தளபதி பிறந்தது உரிபுரு குடும்பம். எஸ்குர்ரா பாதிரியார் படிப்புக்குப் போய்ப் பாதியில் வெளியே வந்தவர். துணைத் தலைவர் மாதிரி இருந்த ஜோ பாக்ஸ்டர் ஐரிஷ் வம்சாவளி, வாய் ஓயாதவர், பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்தமானவர்.

எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டையில் மால்டா சிலுவை. சகாரிதா கல்லறைத் தோட்டத்தில், 1945 அக்டோபர் 17 இரவு சுடப்பட்டு இறந்த தார்வின் பஸபோந்தி என்ற தேசியவாத இளைஞனின் கல்லறை முன்னால் கூடி உறுதிமொழி எடுப்பார்கள். பதினாறு பதினேழு வயதுப் பையனுக்கு இதெல்லாம் எவ்வளவு போதை தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

எட்டு ஒன்பது வருடத்தில் இயக்கம் கரைந்துவிட்டது. கரைந்தவர்கள் நாலா பக்கமும் போனார்கள் என்பதுதான் எனக்கு விடுபடாத புதிர். தெரிந்தவர்கள் பேசுங்கள்.

ரோசாரியோ ரசிகன்

அண்ணே, நான் மெஸ்ஸி வழியாக அர்ஜெண்டினாவுக்கு வந்தவன். அதனால் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இது போருக்குப் பிறகு அங்கே ஓடி வந்து ஒளிந்த நாஜிகள் கிளப்பிவிட்ட வேலைதானே?

ஓலைப்பெட்டி

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் தம்பி. நாஜிகள் வந்து ஒளிந்தது நிஜம், ஆனால் இந்தப் பையன்களின் சரக்கு உள்நாட்டுச் சரக்கு. அர்ஜெண்டினாவில் கத்தோலிக்கத் தேசியவாதம் என்று ஒன்று 1920களிலிருந்தே இருந்தது. தேர்தல் ஜனநாயகம் வேண்டாம், லிபரல்கள் வேண்டாம், திருச்சபையும் வாளும் சேர்ந்து நாட்டை நடத்த வேண்டும் என்று சொன்ன கூட்டம். 1930 ராணுவப் புரட்சியின்போது அதற்கு முதல் ருசி கிடைத்தது. எஸ்குர்ராவின் அப்பாவே அந்தச் சிந்தனைப் போக்கைச் சேர்ந்த வரலாற்று எழுத்தாளர்தான். பையன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பாதியைக் கற்றிருப்பான்.

இவர்களுடைய நாயகன் ஹிட்லரைவிட அதிகமாக ஸ்பெயினின் பாசிசக் கட்சியான பலாங்கேயின் தலைவர் ஹொசே அந்தோனியோ பிரிமோ தெ ரிவேரா. ஞானகுரு ஹூலியோ மெயின்வியேல் என்ற பாதிரியார். யூதர்களுக்கு எதிராகப் புத்தகமே எழுதியவர். ஃபிரான்ஸிலிருந்து வந்த ஜாக் தெ மாஹியூவும் உண்டு. போருக்குப் பிறகு அங்கிருந்து கிளம்பி வந்தவர்களில் ஒருவர் அவர். ஆக வெளியிலிருந்து காற்று வந்தது உண்மை. அடுப்பு உள்ளூர்க்காரர்களுடையது.

தமிழ்வாத்தியார்_ஓய்வு

நல்ல தலைப்பு. நான் முப்பது வருடம் வரலாறு எடுத்தவன். இதில் தொழிலாளிகளின் ஆதரவோடு 1946 முதல் 1955 வரை நாட்டை ஆண்ட ஜனாதிபதி பெரோனைச் சொல்லாமல் நகர முடியாது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரோன் ஆட்சியின் கடைசியில் அவருக்கும் திருச்சபைக்கும் முட்டிக்கொண்டது. 1943இல் ராணுவ அரசு அரசுப் பள்ளிகளில் மத போதனையைப் புகுத்தியது. பெரோன் முதலில் அதைச் சட்டமாக்கினார், கடைசியில் அவரே எடுத்துவிட்டார். 1955 ஜூனில் பியூனஸ் அயர்ஸ் தேவாலயங்கள் எரிந்தன. செப்டம்பரில் ராணுவம் பெரோனைத் துரத்தியது. கத்தோலிக்கத் தேசியவாதிகள் நம் காலம் வந்துவிட்டது என்று குதித்தார்கள். ஆனால் இரண்டே மாதத்தில் அவர்களுக்கு வேண்டிய தளபதி லொனார்தி தூக்கியெறியப்பட்டு, லிபரல் சார்புள்ள அராம்புரு வந்துவிட்டார். பெரோனியக் கட்சிக்குத் தடை. பெரோனின் பெயரை அச்சிடுவதே குற்றம்.

இந்தப் பையன்கள் அந்த ஏமாற்றத்தில் முளைத்தவர்கள். பெரோன் தேவாலயத்தை எரியவிட்டவர், ஆகவே பிடிக்காது. பெரோனை விரட்டியவர்களோ லிபரல்கள், அவர்களையும் பிடிக்காது. தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த பெரோனியத் தொழிலாளிகள் மீது மட்டும் ஒரு மயக்கம். இந்த மூன்றாவது விஷயம்தான் பின்னால் இயக்கத்தை உடைத்தது என்பது என் கருத்து.

1958இல் அவர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு கிடைத்தது. ஜனாதிபதி ஃபிரொந்திஸி தனியார் பல்கலைக்கழகங்களும் பட்டம் தரலாம் என்று அனுமதித்தார். தனியார் என்றால் அங்கே பெரும்பாலும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்று பொருள். மதச்சார்பற்ற கல்வி வேண்டும் என்று ஒரு பக்கமும், கல்வி சுதந்திரம் வேண்டும் என்று மறுபக்கமும் லட்சக்கணக்கில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஃபிரொந்திஸியின் சொந்தத் தம்பி ரிசியேரிதான் அப்போது பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர், அவரே அண்ணனுக்கு எதிராக ஊர்வலத்தில் நின்றார்! அந்தக் கலவரத்தில் கத்தோலிக்கப் பக்கத்துக்கு அடியாட்களாக நின்று பெயர் வாங்கியது தாக்குவாரா.

குறுக்குக்கேள்வி

எல்லாம் சரி. பணக்கார வீட்டுப் பையன்கள் கம்பும் சங்கிலியும் வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். எந்த ஊரில் இல்லை? மாணவர் தேர்தல் நடக்கும் எந்தக் கல்லூரி வாசலிலும் இதைப் பார்க்கலாம். சில நூறு பையன்களை எடுத்து ஊதிப் பெரிதாக்குகிறோமோ என்று தோன்றுகிறது.

மதி_படிக்கிறேன்

ஊதிப் பெரிதாக்குகிறோமா என்று கேட்டீர்கள், அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

1960 மே 11, பியூனஸ் அயர்ஸின் ஓரத்தில் சான் ஃபெர்னாந்தோவில் இஸ்ரேலிய உளவாளிகள் அடால்ஃப் ஐக்மனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லட்சக்கணக்கான யூதர்களைச் சாவு முகாம்களுக்கு அனுப்பிவைத்த நாஜி அதிகாரி அவர். அர்ஜெண்டினா தன் இறையாண்மை மீறப்பட்டதாக ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போனது. தூதரக உறவு முறியும் அளவுக்குப் போய், ஆகஸ்டில் சமாதானமானார்கள். அது அரசாங்கத்தின் கோபம். தாக்குவாராவின் கோபம் வேறு மாதிரி. அவர்களைப் பொறுத்தவரை தூக்கிக்கொண்டு போனது இஸ்ரேல், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பியூனஸ் அயர்ஸில் பிறந்து வளர்ந்த யூத மாணவர்கள். அந்த ஆகஸ்டிலேயே சர்மியெந்தோ பள்ளியில் தளபதி சான் மார்த்தின் நினைவு விழாவின்போது ஒரு யூத மாணவன் சுடப்பட்டுக் காயமடைந்தான். பள்ளி விழாவில், துப்பாக்கியால்.

ஐக்மனை 1962 மே 31 நள்ளிரவில் தூக்கிலிட்டார்கள். சரியாக மூன்று வாரம் கழித்து, ஜூன் 21ஆம் தேதி காலை, பல்கலைக்கழகம் போகப் பேருந்துக்காக நின்ற 19 வயது யூத மாணவியைக் காரில் கடத்தி, சித்திரவதை செய்து, மார்பில் ஸ்வஸ்திகா கீறி வெளியே போட்டார்கள். ஐக்மனுக்குப் பழிவாங்கல் என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்கள். தாக்குவாரா ஆட்கள்தான் என்று நாடே பேசியது. போலீஸ் என்ன செய்தது தெரியுமா? அந்தப் பெண் சொல்வதைச் சந்தேகித்தது.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 28 அன்று, யூத அமைப்புகளின் கூட்டமைப்பு கடையடைப்புக்கு அழைத்தது. யூதர் அல்லாத பல வியாபாரிகளும் மாணவர் அமைப்புகளும் சேர்ந்துகொண்டார்கள். யூத இளைஞர்கள் தற்காப்புக் குழுக்கள் அமைத்துப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தது இந்தக் காலத்தில்தான். கல்லூரி வாசல் அடிதடி இந்த அளவுக்குப் போகாது.

குறுக்குக்கேள்வி

சரி, அந்தச் சம்பவம் எனக்குத் தெரியாது. ஆனால் அப்படியானால் என் கேள்வி இன்னும் பெரிதாகிறது. இவ்வளவு நடந்தும் அரசாங்கம் ஏன் சும்மா இருந்தது?

செங்காந்தள்

ஏனென்றால் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் கம்யூனிஸ்ட்தான் எதிரி. கியூபப் புரட்சி 1959 ஜனவரியில் நடந்து முடிந்திருக்கிறது. இடதுசாரி மாணவர்களை அடிக்கிற பையன்கள் என்றால் அவர்களுக்கு லாபம். சில அதிகாரிகள் பயிற்சியும் தந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டவர்கள் அதைவிட அதிகம். போதாததற்கு 1962 மார்ச்சில் ராணுவம் ஃபிரொந்திஸியை இறக்கி, கிதோ என்ற பொம்மையை உட்கார வைத்தது. அப்புறம் ராணுவமே நீலம், சிவப்பு என்று இரண்டு அணியாகப் பிரிந்து தங்களுக்குள் டாங்கி ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மாணவியின் புகாரை யார் பார்ப்பார்கள்?

ஆனால் நான் வேறொன்றைச் சொல்ல வந்தேன். வாத்தியார் ஐயா தொட்ட அந்த மூன்றாவது விஷயம், தொழிலாளிகள். 1959 ஜனவரியில் பியூனஸ் அயர்ஸின் மத்தாதேரோஸ் பகுதியில் லிசாந்த்ரோ தெ லா தொர்ரே இறைச்சிக் கூடத்தைத் தனியாருக்கு விற்க அரசு முடிவு செய்தது. தொழிலாளிகள் கூடத்தைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். டாங்கியை விட்டு வாசல் கதவை இடித்துத்தான் உள்ளே போக முடிந்தது. அந்தப் பேட்டை முழுக்கக் கிளர்ந்தெழுந்து தெருவிளக்கை உடைத்துத் தடுப்பு வைத்தது. நாட்டுச் சொத்து, அந்நியன், மக்கள் என்று வாய்கிழியப் பேசிய தேசியவாதப் பையன்கள் அசல் மக்களை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் பெரோனியர்கள்.

அதற்குள் சேரும் பையன்களின் தரமும் மாறியிருந்தது. தரம் என்பதைத் தவறாக எடுக்க வேண்டாம், வர்க்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குடும்பப் பெயர் வைத்த பிரபு வீட்டுப் பையன்களோடு கீழ் நடுத்தர வர்க்கப் பையன்கள் வந்து கலந்தார்கள். அவர்களில் பலருக்கு அப்பா பெரோனியத் தொழிற்சங்கக்காரர். பிளவு அங்கிருந்துதான்.

1960இல் மெயின்வியேல் பாதிரியாரே, இந்தப் பசங்கள் இடதுபக்கம் சாய்கிறார்கள் என்று சொல்லி ஒரு பிரிவை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதுதான் தேசிய மீட்புக் காவல்படை. 1961இல் தார்தோ காபோ தலைமையில் புதிய அர்ஜெண்டினா இயக்கம் பிரிந்து நேராகப் பெரோனியத்துக்குப் போனது. காபோவின் அப்பா உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவர்களில் ஒருவர். கடைசியாக 1963இல் ஜோ பாக்ஸ்டரும் ஹொசே லூயிஸ் நெல்லும் தேசியவாதப் புரட்சிகரத் தாக்குவாரா என்று தனிக்கடை போட்டார்கள். அல்ஜீரியா, எகிப்தின் நாசர், கியூபா என்று அவர்கள் பேச்சே மாறிவிட்டது. யூத வெறுப்பைக் கைவிட்டதாகவும் சொன்னார்கள்.

ரோசாரியோ ரசிகன்

கைவிட்டதாகச் "சொன்னார்கள்" என்கிறீர்கள். நிஜமாகக் கைவிட்டார்களா?

செங்காந்தள்

பாக்ஸ்டரும் நெல்லும் பிறகு போன இடங்களைப் பார்த்தால் கைவிட்டார்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் சேர்ந்த இயக்கங்களில் யூதத் தோழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஓலைப்பெட்டி

1963 ஆகஸ்ட் 29. இந்தத் தேதியை யாரும் எழுதவில்லையே!

பியூனஸ் அயர்ஸில் வங்கி ஊழியர்களுக்கான மருத்துவமனை ஒன்று உண்டு. அன்றைக்கு ஊழியர்களின் சம்பளப் பணம் வேனில் வந்து இறங்கியது. வளாகத்துக்குள் ஓர் ஆம்புலன்ஸ் நுழைந்தது. மருத்துவமனைக்குள் ஆம்புலன்ஸ் வருவதை யார் தடுப்பார்கள்? அதிலிருந்து பாக்ஸ்டர் பிரிவின் ஆட்கள் இறங்கினார்கள். நெல் கையில் இயந்திரத் துப்பாக்கி. இரண்டு ஊழியர்கள் செத்தார்கள், மூவர் காயம். சுமார் 1.4 கோடி பெசோ, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர்.

போலீஸுக்கு அரசியல் என்ற எண்ணமே வரவில்லை. பெயர்பெற்ற சில பழைய கொள்ளைக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் ஓடிய பிறகு, அந்தக் கொள்ளைப் பணத்தின் நோட்டுகள் பாரிஸில் தலைகாட்டின. கூட்டத்தில் ஒருவருக்கு வேண்டியவர் அங்கே போய்ச் செலவு செய்திருக்கிறார். புரட்சிக்காக எடுத்த பணம் பாரிஸில் உல்லாசமாகச் செலவாகி, அதனாலேயே இயக்கம் பிடிபட்டது. 1964 மார்ச்சில் வரிசையாகக் கைது செய்தார்கள். பாக்ஸ்டர் தப்பிவிட்டார்.

அர்ஜெண்டினாவின் முதல் நகர்ப்புறக் கெரில்லா நடவடிக்கை என்று இதைப் பலரும் எழுதுகிறார்கள்.

தமிழ்வாத்தியார்_ஓய்வு

அந்த "முதல்" என்ற பட்டத்தை நான் அவ்வளவு எளிதில் தர மாட்டேன். அதற்கு முன்பே 1959இல் வடக்கே துக்குமான் மலைகளில் உதுருங்கோஸ் என்ற பெரோனியக் குழு கெரில்லா முயற்சி செய்தது. அது காட்டில், இது நகரத்தில், அதனால் "நகர்ப்புற" என்று ஒட்டு போட்டு முதல் இடம் வாங்கித் தருகிறார்கள். சம்பளம் கொண்டுவந்த ஊழியர்களைச் சுட்டதில் என்ன கெரில்லாத்தனம் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

மதி_படிக்கிறேன்

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

இன்னொன்று. பாக்ஸ்டர் பிரிவு இடதுபக்கம் போய்விட்டது, சரி. மூலத் தாக்குவாரா அதே ஆண்டுகளில் என்ன செய்துகொண்டிருந்தது? ரசிகன், உங்கள் ரோசாரியோ இங்கே வருகிறது. 1964 பிப்ரவரியில் ரோசாரியோவில் ஒரு தொழிற்சங்க அரங்கில் தாக்குவாராவுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் துப்பாக்கிச் சண்டை. மூன்று பேர் இறந்தார்கள், தேசியவாதிகள் பக்கம். அடுத்த சில நாட்களில், பிப்ரவரி 29 அன்று, பியூனஸ் அயர்ஸில் ஒரு யூத இளைஞனை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். ரோசாரியோ சண்டையில் அவன் இல்லை. கம்யூனிஸ்ட், யூதன், அது போதும். பெற்றோருக்குக் கடிதம் வேறு அனுப்பினார்கள், உங்கள் மகன் ஏன் கொல்லப்பட்டான் என்று விளக்கி.

இந்த இழையில் இதுவரை பாக்ஸ்டர், நெல், காபோ என்று எல்லோருக்கும் கதை இருக்கிறது. எல்லாம் சினிமா மாதிரி ஓடுகிறது. இவர்களால் செத்தவர்கள் ஒரு வரியில் வந்து போகிறார்கள். நான் எழுதியதும் சேர்த்துத்தான்.

குறுக்குக்கேள்வி

மதி, நியாயமான பேச்சு. ஆனால் என் பழைய சந்தேகத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். இடம் மாறியது, கொடி மாறியது, துப்பாக்கி மட்டும் மாறவில்லை. அப்படியென்றால் தீவிர வலதும் தீவிர இடதும் கடைசியில் ஒன்றுதான் என்று இந்தக் கதை சொல்கிறதா இல்லையா?

செங்காந்தள்

இல்லை. இந்த வாதத்தை எங்கே வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதாலேயே எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. எண்ணிப் பார்த்தால் இடதுபக்கம் போனவர்கள் ஒரு சிறு பகுதி. பெரும்பாலானவர்கள் வலதுபக்கமே நின்றார்கள், அல்லது வக்கீலாகவும் வாத்தியாராகவும் வீட்டோடு அடங்கிவிட்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஏனென்றால் வேடிக்கை இல்லை. மாறியவன் கதைதான் கதையாகிறது, அதனால் எல்லோரும் மாறியதுபோல் தெரிகிறது.

குறுக்குக்கேள்வி

மாறியவர்கள் மட்டும் எப்படி அவ்வளவு வேகமாக மாறினார்கள்? 1962இல் யூத மாணவர்களை விரட்டிய அமைப்பில் இருந்தவன் 1965இல் தேசிய விடுதலைப் போராளி. மூன்று வருடம். ஒரு மனிதன் கட்டிலை மாற்றவே அதைவிட நாளாகும்.

தமிழ்வாத்தியார்_ஓய்வு

வயதைப் பாருங்கள் தம்பி. பதினேழிலிருந்து இருபது வயதுக்குள் நாற்பது வயதுக்காரனின் இருபது வருடம் அடங்கியிருக்கிறது. வகுப்பறையில் இதைப் பார்த்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் சாமியார் ஆகப்போகிறேன் என்றவன் கல்லூரி முதலாண்டில் நாத்திகனாக வந்து நிற்பான், இரண்டிலும் பொய் இருக்காது.

ஆனால் இது முழு விளக்கம் அல்ல. இவர்களுக்குக் கொள்கையைவிட முன்னால் வந்தது தியாகம், சாவு, சிறு குழு, உறுதிமொழி. அந்தச் சட்டத்துக்குள் எந்தப் படத்தையும் மாட்டலாம். செங்காந்தள் சொல்வது போல எல்லோரும் மாட்டவில்லை, மாட்ட முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ரோசாரியோ ரசிகன்

விமானக் கதையை யாரும் சொல்லவில்லை, அது என் பங்கு.

1966 செப்டம்பர் 28. பியூனஸ் அயர்ஸிலிருந்து தெற்கே ரியோ காயேகோஸ் போக வேண்டிய ஏரோலினியாஸ் அர்ஜெண்டினாஸ் டிசி-4 விமானம். அதில் தார்தோ காபோவும் கூட்டாளிகளுமாக 18 பேர். நடுவானில் எழுந்து துப்பாக்கியைக் காட்டி, விமானத்தை மால்வினாஸ் தீவுக்குத் திருப்பச் சொன்னார்கள், அதாவது பிரிட்டன் வைத்திருக்கும் ஃபாக்லாந்து. அங்கே விமான ஓடுதளமே கிடையாது! குதிரைப் பந்தய மைதானத்தில் இறக்கினார்கள், சக்கரம் சேற்றில் புதைந்தது. ஏழு அர்ஜெண்டினக் கொடிகளை ஏற்றினார்கள். என்ன விபத்து என்று உதவிக்கு ஓடிவந்த தீவுக்காரர்களைப் பிணையாகப் பிடித்தார்கள். பயணிகளில் நாட்டின் தென்கோடியான தியெர்ரா தெல் ஃபுயேகோவின் ஆளுநரும் இருந்தார். சட்டப்படி அந்தத் தீவுகளும் அவர் ஆளுகையில் இருப்பதாகத்தான் அர்ஜெண்டினா சொல்கிறது. ஆக ஆளுநரைத் துப்பாக்கி முனையில் அவருடைய சொந்த ஆளுகைப் பகுதிக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

குளிர், பசி, சுற்றிலும் ராணுவ வீரர்கள். ஒன்றரை நாளில் உள்ளூர்க் கத்தோலிக்கப் பாதிரியாரிடம் சரணடைந்தார்கள், பிரிட்டிஷ்காரனிடம் சரணடைய மாட்டோம் என்று. இதில் உச்சம் என்னவென்றால் அந்த நேரம் எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் இளவரசர் அர்ஜெண்டினாவில் விருந்தாளி! அப்போது ஆட்சியில் இருந்த தளபதி ஒங்கனியா நெளிந்திருப்பார். காபோவுக்கு மூன்று வருடம் சிறை. கூடப் போன ஒரே பெண்ணான நாடக எழுத்தாளர் மரியா கிறிஸ்தினா வெரியரை அவர் சிறையிலேயே திருமணம் செய்துகொண்டார்.

தப்பா சரியா என்று கேட்காதீர்கள், எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

மதி_படிக்கிறேன்

பிடிப்பதில் தப்பில்லை. அதே விமானத்தில் காபோவுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் அலெஹாந்த்ரோ கியோவெங்கோ. அவர் இடதுபக்கம் போகவில்லை. எழுபதுகளில் வலதுசாரிப் பெரோனியக் கும்பலில் பெரிய ஆள். 1974 பிப்ரவரியில் பியூனஸ் அயர்ஸ் தெருவில் நடந்து போகும்போது அவர் கையில் இருந்த பெட்டியில் குண்டு வெடித்துச் செத்தார். அவருடைய குண்டுதான்.

காபோ இடதுபக்கம் போனார். இடதுசாரிப் பெரோனியக் கெரில்லாக்களான மோந்தொனேரோஸ் இயக்கத்தின் பத்திரிகையான எல் தெஸ்காமிசாதோவின் ஆசிரியர் ஆனார். 1975இல் கைது, 1977 ஜனவரியில் லா பிளாத்தா சிறையிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டுவிட்டார்கள், தப்பிக்கப் பார்த்தார்கள் என்று அறிக்கை. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போன இரண்டு பேர்.

செங்காந்தள்

நெல் கதை இதைவிடக் கொடுமை. கொள்ளை வழக்கில் பிடிபட்டுத் தப்பி, உருகுவேயில் துப்பமாரோக்கள் என்ற இடதுசாரிக் கெரில்லாக்களோடு சேர்ந்தார். அங்கேயும் பிடிபட்டு, 1971இல் புந்தா காரேதாஸ் சிறையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுரங்கம் தோண்டித் தப்பினார்களே, அதில் அவரும் ஒருவர். ஊருக்குத் திரும்பி மோந்தொனேரோஸில் சேர்ந்தார். 1973 ஜூன் 20, பதினெட்டு வருடம் கழித்துப் பெரோன் திரும்பி வரும் நாள். எஸெய்சா விமான நிலையத்தருகே கடல் போலக் கூட்டம். மேடையைப் பிடித்து வைத்திருந்த வலதுசாரிப் பெரோனியர்கள் இடதுசாரி ஊர்வலத்தின் மேல் சுட்டார்கள். குண்டு நெல்லின் முதுகுத்தண்டில். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அடுத்த வருடம் தற்கொலை. எந்த நாளுக்காகப் பத்து வருடம் ஓடினாரோ அந்த நாளில்தான் அது நடந்தது.

பாக்ஸ்டர் ட்ராட்ஸ்கியவாதிகளின் கெரில்லா அமைப்பான ஈ.ஆர்.பி. (மக்கள் புரட்சிப் படை) பக்கம் போனார். 1973 ஜூலை 11 அன்று பாரிஸ் ஓர்லி விமான நிலையம் அருகே வாரிக் விமானம் தீப்பிடித்து விழுந்து 123 பேர் இறந்தார்கள். அதில் அவரும் இருந்தார். குண்டோ போலீஸோ இல்லை, விபத்து.

ஓலைப்பெட்டி

நிறுவனத் தலைவர் எஸ்குர்ராவைச் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் நடுவில் தலைமையை விட்டுவிட்டு, பாதியில் நிறுத்திய பாதிரியார் படிப்புக்கே திரும்பிப் போனார். குருப்பட்டம் பெற்று, பரானாவிலும் பிறகு மெந்தோஸா மாகாணத்தில் சான் ரஃபேலிலும் குருமடத்தில் இளைஞர்களுக்குப் பாடம் எடுத்து 1993இல் இறந்தார். கொள்கையை அவர் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. இவரை நம்பித் துப்பாக்கி எடுத்தவர்கள் பலர் நாற்பது வயதைப் பார்க்கவில்லை, இவர் பூசை வைத்துக்கொண்டு ஐம்பத்தைந்தைத் தாண்டினார். இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

குறுக்குக்கேள்வி

இன்னும் ஒன்று பாக்கி. இயக்கம் ஏன் முடிந்தது என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. தடை போட்டார்கள், அதனால் முடிந்ததா?

தமிழ்வாத்தியார்_ஓய்வு

தடை வந்தது, ஆனால் தடைக்கு முன்பே பல துண்டாகிவிட்டது. என் கணிப்பில் கடைசி அடி 1966 ஜூன் 28. ஜனாதிபதி இல்லியாவை இறக்கிவிட்டு ஒங்கனியா வந்தார். தினமும் பூசைக்குப் போகும் கத்தோலிக்கத் தளபதி. ஒரே மாதத்தில், ஜூலை 29 இரவு, பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்துக்குள் போலீஸை அனுப்பிப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் நீண்ட லத்திகளால் அடித்து வெளியேற்றினார். நூற்றுக்கணக்கான பேராசிரியர்கள் வேலையை விட்டார்கள், பலர் நாட்டையே விட்டுப் போனார்கள். தாக்குவாரா எட்டு வருடமாகக் கனவு கண்டதை அரசாங்கமே சீருடையில் வந்து செய்துவிட்டது. அப்புறம் சங்கிலியோடு வாசலில் நிற்கும் பையனுக்கு என்ன வேலை? வலதுபக்கம் மிச்சமிருந்தவர்களுக்கு அரசு அலுவலகங்களிலும் சங்கங்களின் பாதுகாப்புப் படையிலும் இடம் கிடைத்தது. வெளியில் இயக்கம் வேண்டியிருக்கவில்லை.

செங்காந்தள்

இதை ஏற்கிறேன். ஆனால் வீழ்ச்சி என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது ஐயா. கட்சி போனது, வேலை நிறைவேறியது.

குறுக்குக்கேள்வி

கூச்சம் எதற்கு? அமைப்பாக வீழ்ந்தது உண்மைதானே. கருத்து பிழைத்தது என்றால் அதைத் தனியாகச் சொல்லலாம். இரண்டையும் போட்டுக் குழப்பினால் எந்த இயக்கமும் எப்போதும் வீழாது.

மதி_படிக்கிறேன்

இருவரும் சொல்வதில் ஒன்று விடுபடுகிறது. 1976இல் ஆட்சியைப் பிடித்த பிறகு ராணுவம் கடத்திக் காணாமல் போக்கியவர்களில் யூதர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்கள் பங்கைவிடப் பல மடங்கு அதிகம். ரகசிய முகாம்களில் யூதக் கைதிகளுக்கென்று தனி வசையும் தனிச் சித்திரவதையும் இருந்ததாக, ஜனநாயகம் திரும்பிய பிறகு அமைத்த விசாரணை ஆணையத்தின் 1984 அறிக்கையிலேயே சாட்சியங்கள் இருக்கின்றன. அந்த முகாம்களில் ஒன்றான கடற்படை இயந்திரவியல் பள்ளியில் செத்தவர்களில் ஹோர்ஹே கஃபாத்தி என்பவரும் உண்டு. 1963இல் அந்த மருத்துவமனைக் கொள்ளையில் இருந்தவர், பாக்ஸ்டர் பிரிவு.

குறுக்குக்கேள்வி, 1962இல் அந்த மாணவியைக் கடத்தியவர்கள் யாரும் கடைசிவரை தண்டிக்கப்படவில்லை. ஆகவே வீழ்ச்சி எந்த வருடம் என்று தேதி போடுவதை உங்களிடமும் செங்காந்தளிடமும் விட்டுவிடுகிறேன். அடுத்து இல்லியா காலத்தைப் பற்றித் தனி இழை தொடங்குவதாக ஓலைப்பெட்டி சொல்லியிருந்தார், அங்கே யூதத் தற்காப்புக் குழுக்களைப் பற்றி எழுதுகிறேன்.